டப்பா முதலில், சிப்ஸ் பிறகு: பிரிங்கிள்ஸின் வணிகக் கதை

தின்பண்ட நிறுவனங்களின் வரலாறு பெரும்பாலும் ஓர் அடுப்படியில் தொடங்கும். யாரோ ஒருவரின் கைப்பக்குவம், அக்கம்பக்கத்தார் பாராட்டு, ஒரு தள்ளுவண்டி, பிறகு சிறிய கடை, அதற்கும் பிறகு தொழிற்சாலை. வணிக வரலாறுகளை விரும்பிப் படிக்கும் எனக்கு இந்த வரிசை மனப்பாடமாகிவிட்டது. உருளை டப்பாவில் அடுக்கி விற்கும் உருளைக்கிழங்குச் சிப்ஸான பிரிங்கிள்ஸ் இதற்குள் அடங்காத ஒரு கதை. அது பிறந்தது சோப்பும் சலவைத்தூளும் தயாரிக்கும் ஒரு நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில். அதைப் பெற்றெடுத்தவை வாடிக்கையாளர்களின் குறைகள்: பொட்டலத்தைப் பிரித்தால் பாதி நொறுங்கிக் கிடக்கிறது, எண்ணெய் கையெல்லாம் ஒட்டுகிறது, சீக்கிரம் நமுத்துப்போகிறது.

இந்தக் குறைகளுக்கு விடையாக முதலில் உருவானது வடிவமும் டப்பாவும்தான். சுவை பல ஆண்டுகள் கழித்துத்தான் வந்து சேர்ந்தது. பிரிங்கிள்ஸ் அடுத்த அரை நூற்றாண்டில் சந்தித்த வெற்றி, தோல்வி, வழக்கு, கைமாற்றம் பலவற்றின் வேரும் இந்த வரிசைமாற்றத்தில் இருக்கிறது என்பது என் துணிபு.

சோப்பு நிறுவனத்துக்குச் சிப்ஸில் என்ன வேலை என்று கேட்கலாம். பிராக்டர் அண்ட் கேம்பிள் 1837இல் அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில் தொடங்கப்பட்டது. பன்றி இறைச்சித் தொழில் செழித்த ஊர் அது. கொழுப்பு மலிவாகக் கிடைத்தது; அதிலிருந்து மெழுகுவத்தியும் சோப்பும் செய்தார்கள். கொழுப்பையும் எண்ணெயையும் கையாளத் தெரிந்தவர்கள் சமையலறைக்குள் நுழைவதற்கு அதிக காலம் பிடிக்கவில்லை. பருத்திவிதை எண்ணெயைக் கெட்டியாக்கி 1911இல் 'கிரிஸ்கோ' என்ற சமையல் கொழுப்பை விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். எண்ணெயில் பொரிக்கும் பண்டம் ஒன்றை விற்பது அவர்களுக்கு அந்நியமான யோசனை அல்ல.

அந்நியமாக இருந்தது சிப்ஸ் விற்கப்பட்ட விதம். இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் முழுக்கதையின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது.

அக்காலத்துச் சிப்ஸ் தொழில் என்பது தொழிற்சாலைக்கு நிகராக வண்டிகளின் தொழில். கிழங்கைச் சீவிப் பொரித்த சிப்ஸ் எளிதில் உடையும். சில வாரங்களில் நமுத்துவிடும். எடைக்குப் பொருந்தாத அளவு இடத்தை அடைக்கும். ஒரு லாரி நிறையச் சிப்ஸ் ஏற்றினால் பாதி லாரியில் காற்றுதான் பயணம் செய்யும். அதனால் தொலைவுக்கு அனுப்புவது கட்டுப்படியாகாது. ஒவ்வொரு வட்டாரத்திலும் ஒரு தயாரிப்பாளர் இருந்தார். அவருடைய ஆட்கள் வண்டியில் கடைகடையாகச் சென்று, பழைய பொட்டலங்களை எடுத்துவிட்டுப் புதியவற்றைத் தாங்களே அலமாரியில் அடுக்கிவைப்பார்கள். 1932இல் தனித்தனியாகத் தொழில் தொடங்கிய எல்மர் டூலினின் 'ஃபிரிட்டோ'வும் ஹெர்மன் லேயின் நிறுவனமும் 1961இல் இணைந்து ஃபிரிட்டோ-லே ஆயின. 1965இல் அது பெப்சியுடன் சேர்ந்து பெப்சிகோ உருவானது. அந்த நிறுவனத்தின் வலிமையில் பெரும்பங்கு, நாடு முழுவதும் கடை வாசல்வரை போகும் வண்டிப்படையில் இருந்தது.

பிராக்டர் அண்ட் கேம்பிளிடம் அப்படிப்பட்ட படை இல்லை. அதன் சோப்பும் சலவைத்தூளும் சங்கிலிக் கடைகளின் கிடங்குகளுக்கு மொத்தமாகப் போய் இறங்கும். அங்கிருந்து கடைக்காரரே எடுத்து அடுக்கிக்கொள்வார். அந்த வழியில் சிப்ஸும் போக வேண்டுமானால் அது சலவைத்தூள் பெட்டியைப் போல நடந்துகொள்ள வேண்டும்: உடையக் கூடாது, மாதக்கணக்கில் கெடக் கூடாது, இடத்தை வீணாக்கக் கூடாது. வாடிக்கையாளரின் குறைகளும் நிறுவனத்தின் தேவையும் ஒரே புள்ளியில் சந்தித்தன. இந்தப் பொருத்தத்தைக் கண்டுகொண்டவர்களின் வணிகக் கூர்மையை நான் மிகவும் மதிக்கிறேன்.

1956இல் இந்தப் பணி ஃபிரெட்ரிக் பாவர் என்ற வேதியியலாளரிடம் ஒப்படைக்கப்பட்டது. சுமார் இரண்டாண்டுகள் உழைத்து, ஒரு திசையில் மேல்நோக்கியும் அதற்குக் குறுக்கே கீழ்நோக்கியும் வளைந்த, குதிரைச் சேணம் போன்ற வடிவத்தை அவர் உருவாக்கினார். கணிதத்தில் இதற்கு ஹைபர்போலிக் பாரபோலாய்டு என்று பெயர். கட்டடக் கலைஞர்கள் கூரைகளுக்கு விரும்பிப் பயன்படுத்தும் வடிவம் இது. இரட்டை வளைவு இருப்பதால் மெல்லிய தகடும் எளிதில் மடங்காது. எல்லாச் சில்லுகளும் ஒரே அச்சில் இருப்பதால் ஒன்றின்மேல் ஒன்று இடைவெளியில்லாமல் உட்காரும். அந்த அடுக்கை அப்படியே விழுங்கிக்கொள்ளும் உருளை டப்பாவையும் பாவரே வடிவமைத்தார்.

ஆனால் அவர் செய்த சிப்ஸ் வாயில் வைக்கும்படி இல்லை. சுவையைச் சரிசெய்ய முயன்றார், முடியவில்லை. நிறுவனம் அவரை வேறு வேலைக்கு மாற்றியது; திட்டம் அப்படியே கிடந்தது. 1960களின் நடுவில் அலெக்சாண்டர் லீபா என்ற இன்னோர் ஆய்வாளர் அதை எடுத்துத் தூசி தட்டி, உண்ணத் தகுந்த சுவைக்குக் கொண்டுவந்தார். சிப்ஸுக்கான காப்புரிமை லீபாவின் பெயரில்தான் இருக்கிறது. டப்பாவில் அடுக்கும் முறைக்கு 1966இல் பாவர் விண்ணப்பித்து 1970இல் காப்புரிமை பெற்றார்.

இன்று எங்கு தேடினாலும் பாவரின் பெயர்தான் கிடைக்கிறது. 2008இல் அவர் மறைந்தபோது, அவருடைய விருப்பப்படி அஸ்தியில் ஒரு பகுதியைப் பிரிங்கிள்ஸ் டப்பாவில் இட்டுக் குடும்பத்தார் அடக்கம் செய்தார்கள். அந்தச் செய்தி உலகம் முழுவதும் பரவியது. தன் படைப்பின்மேல் ஒருவருக்கு இருந்த பற்று அது, அதில் எனக்கு எந்த விமர்சனமும் இல்லை. என் ஆதங்கம் லீபாவைப் பற்றியது. கிடப்பில் கிடந்த ஒரு தோல்வியை எடுத்து முடித்துக்கொடுத்தவருக்கு இந்தக் கதையில் ஒரு வரிகூட ஒதுக்காமல் பலர் எழுதுகிறார்கள். தொடங்கிவைத்தவரையே நினைவில் வைத்து, முடித்தவரை மறப்பது தொழில் வரலாற்றில் அடிக்கடி நடக்கும் அநீதி.

சில்லு செய்யும் முறையையும் சொல்லியாக வேண்டும். சீவிய கிழங்கு ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக நெளியும். அச்சு வார்த்ததுபோல் வராது. ஆகவே உலர்த்திய உருளைக்கிழங்குத் துருவலோடு மாவும் மாச்சத்தும் நீரும் சேர்த்துப் பிசைந்து, உருளைகளுக்கு இடையே விட்டு மெல்லிய தாளாகத் தேய்த்து, நீள்வட்டங்களாக வெட்டி, வளைந்த அச்சில் பிடித்தபடியே எண்ணெய்க்குள் சில நொடிகள் இழுத்துச்செல்கிறார்கள். பிறகு மசாலா தூவல், அடுக்குதல், டப்பா. பொரிக்கும் இயந்திரத்தை உருவாக்கியதில் ஜீன் வுல்ஃப் என்ற இயந்திரப் பொறியாளருக்குப் பங்கு உண்டு. பின்னாளில் அறிபுனை எழுத்தாளராகப் பெரும்புகழ் பெற்றவர் அவர்தான். இன்னொரு செய்தி என்னை வியக்கவைத்தது. உற்பத்தி வேகத்தைக் கூட்டியபோது சில்லுகள் பட்டையிலிருந்து மேலெழும்பிப் பறக்கத் தொடங்கின. வளைந்த மெல்லிய தகட்டின்மேல் காற்று வேகமாகப் பாய்ந்தால் தூக்குவிசை பிறப்பது இயல்பு. சில்லுகளைச் சுற்றிக் காற்று எப்படி ஓடுகிறது என்பதை நிறுவனம் மீகணினிகளில் கணக்கிட்டு அதைச் சரிசெய்தது.

1968 அக்டோபரில் இண்டியானா மாநிலத்தின் எவன்ஸ்வில் நகரில் முதல் டப்பாக்கள் விற்பனைக்கு வந்தன. பெயர் எங்கிருந்து வந்தது என்பதற்குப் பல கதைகள் உண்டு: சின்சினாட்டி அருகே உள்ள பிரிங்கிள் டிரைவ் என்ற தெரு, தொலைபேசிக் கையேட்டிலிருந்து எடுத்த குடும்பப் பெயர், உருளைக்கிழங்கு பதப்படுத்த முன்பே காப்புரிமை பெற்றிருந்த மார்க் பிரிங்கிள் என்பவர். எது சரியானாலும் வணிகத்துக்கு ஒன்றும் கூடவோ குறையவோ இல்லை.

பொருள் நாடு முழுவதும் பரவ 1970களின் நடுப்பகுதி ஆனது. வட்டாரச் சிப்ஸ் தயாரிப்பாளர்கள் கலங்கிப்போனார்கள். கலங்கியதற்குக் காரணம் இருந்தது: தங்கள் தொழிலை இத்தனை காலம் பாதுகாத்த வேலியே, அதாவது சிப்ஸ் தொலைவு போகாது என்ற நிலையே, இந்த டப்பாவால் உடைந்துவிட்டது. ஓரிரு தொழிற்சாலைகளிலிருந்து நாடு முழுவதற்கும் அனுப்ப முடிகிற ஒரு பகையாளி அவர்களுக்கு அதுவரை இருந்ததில்லை. சீவிய கிழங்கில் செய்யாததைச் சிப்ஸ் என்று அழைப்பதே தவறு என்று அவர்கள் போராடினார்கள். உலர்த்திய உருளைக்கிழங்கில் செய்தது என்று சேர்த்துச் சொன்னால் மட்டுமே 'பொட்டேட்டோ சிப்ஸ்' என்ற பெயரைப் பயன்படுத்தலாம் என்று 1975இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் தீர்மானித்தது. நிறுவனம் நாளடைவில் 'கிரிஸ்ப்ஸ்' என்ற சொல்லுக்கு மாறிக்கொண்டது.

புதுமை தந்த பரபரப்பு அடங்கியதும் விற்பனை சரிந்தது. டப்பாவை வியந்து வாங்கியவர்கள் சுவைக்காக மறுபடி வாங்கவில்லை. பெரும் முதலீடு போட்டுத் தோற்ற திட்டம் என்று வெளியில் பலர் முடிவுகட்டினார்கள். நிறுவனம் கைவிடவில்லை. ருசியைத் திருத்தினார்கள், புதுச் சுவைகளைச் சேர்த்தார்கள், விளம்பரத்தின் போக்கை மாற்றினார்கள். முன்பெல்லாம் உடையாது, கெடாது என்று டப்பாவின் பெருமையைப் பேசிய விளம்பரங்கள் 1980களில் சுவையையும் கொண்டாட்டத்தையும் பேசின. புகழ்பெறுவதற்கு முந்தைய பிராட் பிட்கூட அவற்றில் ஒன்றில் நடித்திருக்கிறார். 1990களில் பிரிங்கிள்ஸ் கடல் கடந்தது. மாதக்கணக்கில் கெடாமல் கப்பலில் போகும் சிப்ஸ் என்ற பழைய தகுதி அப்போதுதான் முழுப் பயனைத் தந்தது. ஆண்டு விற்பனை நூறு கோடி டாலரைத் தாண்டிய பெயர்களின் பட்டியலில் அது இடம்பிடித்தது. நூற்று நாற்பதுக்கும் மேற்பட்ட நாடுகளில் விற்கும் நிலை வந்தது.

இவ்வளவு நீண்ட பொறுமையைப் பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனங்களிடம் இன்று எதிர்பார்க்க முடியுமா என்று யோசிக்கிறேன். 1956இல் தொடங்கிய ஆய்வு 1968இல் கடைக்கு வருகிறது, அதன்பிறகும் பத்தாண்டுகளுக்கு மேல் தடுமாறுகிறது, பிறகே தலைநிமிர்கிறது. சோப்பில் கிடைத்த வருமானம் இந்தக் காத்திருப்பைத் தாங்கியது. ஒரு தனிச் சிப்ஸ் நிறுவனமாக இருந்திருந்தால் பிரிங்கிள்ஸ் பிழைத்திருக்காது என்றே நினைக்கிறேன்.

எல்லா முயற்சியும் பலிக்கவில்லை. உடல் செரிக்காத 'ஓலெஸ்ட்ரா' என்ற கொழுப்பு மாற்றுப்பொருளை இதே நிறுவனம் நெடுங்காலம் ஆராய்ந்துவந்தது. 1996இல் அதற்கு அனுமதி கிடைத்தது. 1998இல் கொழுப்பில்லாத பிரிங்கிள்ஸ் வந்தது. வயிற்றுப்பிடிப்பும் வயிற்றுப்போக்கும் ஏற்படலாம் என்ற எச்சரிக்கையை டப்பாவிலேயே அச்சிட வேண்டியிருந்தது. அந்த எச்சரிக்கை 2003வரை கட்டாயமாக இருந்தது. தின்பண்டத்தை எடுப்பவர் கண்ணில் அப்படி ஒரு வரி பட்டால் அதன் பிறகு எந்த விளம்பரமும் எடுபடாது.

பிரிட்டனில் நடந்த வரி வழக்கு, சட்டமும் வணிகமும் மோதும் இடத்தை இவ்வளவு தெளிவாகக் காட்டும் வழக்குகளில் ஒன்று. அங்கே பெரும்பாலான உணவுப்பொருள்களுக்கு மதிப்புக்கூட்டு வரி கிடையாது. உருளைக்கிழங்கு கிரிஸ்ப்ஸும் (சிப்ஸுக்கு அங்கே வழங்கும் பெயர்), உருளைக்கிழங்கிலோ அதன் மாவிலோ செய்த அதையொத்த பண்டங்களும் அந்தச் சலுகையில் சேராது. வழக்கு தொடங்கிய காலத்தில் அவற்றுக்கு வரி 17.5 சதவீதம். எங்கள் பண்டத்தில் உருளைக்கிழங்கு 42 சதவீதம்தான், வடிவம் இயற்கையில் காணாதது, பிசைந்த மாவில் செய்வது, ஆகவே இது கிரிஸ்ப்ஸ் வகையில் வராது என்று நிறுவனம் வாதிட்டது. தீர்ப்பாயம் ஏற்கவில்லை. 2008இல் உயர் நீதிமன்றம் ஏற்றது. 2009 மேயில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றி, சாதாரண மனிதரின் பார்வையில் இது உருளைக்கிழங்கில் செய்த பண்டம்தான், நுணுகி நுணுகி ஆராயத் தேவையில்லை என்ற வகையில் தீர்ப்பளித்தது. கடந்த காலத்துக்குச் சுமார் 10 கோடி பவுண்டும், இனி ஆண்டுக்குச் சுமார் 2 கோடி பவுண்டும் இதில் அடங்கியிருந்தன.

அமெரிக்காவில் இது சிப்ஸ்தான் என்று வாதாடிய நிறுவனம் பிரிட்டனில் இது கிரிஸ்ப்ஸ் அல்ல என்று வாதாடியது. இதைச் சந்தர்ப்பவாதம் என்று ஒதுக்கிவிட எனக்கு மனமில்லை. இரண்டு வாதங்களும் பிறந்தது ஒரே மாவுக்கலவையிலிருந்து. டப்பாவுக்குள் அடங்கும் சில்லு வேண்டும் என்று எடுத்த முடிவு அந்தக் கலவையைக் கட்டாயமாக்கியது. ஆனாலும் மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் பக்கமே நான் நிற்கிறேன். கிரிஸ்ப்ஸ் அலமாரியில் வைத்து, கிரிஸ்ப்ஸ் வாங்க வருபவரிடம் விற்ற பொருளுக்கு வரிக்கூடத்தில் வேறு அடையாளம் கேட்பது நியாயமில்லை.

பிராக்டர் அண்ட் கேம்பிள் சோப்புக்கும் அழகுப்பொருளுக்கும் திரும்பத் தீர்மானித்தபோது உணவுப் பெயர்கள் ஒவ்வொன்றாக விலைபோயின. 2002இல் கிரிஸ்கோவும் ஜிஃப் கடலை வெண்ணெயும், 2008இல் ஃபோல்ஜர்ஸ் காப்பியும் ஸ்மக்கர் நிறுவனத்துக்குப் போயின. மிச்சம் இருந்தது பிரிங்கிள்ஸ். 2011 ஏப்ரலில் கலிபோர்னியாவின் டைமண்ட் ஃபுட்ஸ் அதை 235 கோடி டாலருக்கு வாங்குவதாக அறிவிப்பு வந்தது. வால்நட் விவசாயிகளின் கூட்டுறவாக 1912இல் தொடங்கி, 2005இல் பங்குச்சந்தைக்கு வந்த நிறுவனம் அது. தன்னைவிடப் பெரிய ஒன்றை விழுங்கப் புறப்பட்டது. விலையின் பெரும்பகுதி டைமண்டின் பங்குகளாகவே தரப்பட இருந்ததால், பங்கு விலை உயர்ந்து நிற்பது ஒப்பந்தத்துக்கு உயிர்நாடி.

அந்த ஆண்டு இலையுதிர்காலத்தில், வால்நட் விவசாயிகளுக்குக் கொடுத்த தொகைகள் எந்த ஆண்டின் கணக்கில் எழுதப்பட்டன என்ற கேள்வி எழுந்தது. கொள்முதல் செலவை அடுத்த ஆண்டுக்குத் தள்ளினால் இந்த ஆண்டின் லாபம் பெருகித் தெரியும். உள்விசாரணையில் கணக்குகள் தவறு என்று தெரிந்தது. 2012 பிப்ரவரியில் தலைமை நிர்வாகியும் நிதித் தலைவரும் பதவியிலிருந்து விலக்கப்பட்டார்கள். 2014இல் பங்குச்சந்தைக் கண்காணிப்பு ஆணையத்துடனான வழக்கை முடித்துக்கொள்ள டைமண்ட் 50 லட்சம் டாலர் அபராதம் கட்டச் சம்மதித்தது. பிரிங்கிள்ஸ் அதற்குள் கைநழுவிவிட்டது. அதே 2012 பிப்ரவரியில் கெல்லாக் நிறுவனம் 269.5 கோடி டாலரை ரொக்கமாகத் தர முன்வந்தது; சில மாதங்களில் விற்பனை முடிந்தது. காலை உணவுத் தானியத்தை மட்டும் நம்பி இனி வளர முடியாது என்று உணர்ந்திருந்த கெல்லாக், அந்த ஒரே கொள்முதலில் கார வகைத் தின்பண்டங்களில் பெப்சிகோவுக்கு அடுத்த இடத்துக்கு வந்தது.

2023 அக்டோபரில் கெல்லாக் இரண்டாகப் பிரிந்தது. வட அமெரிக்கத் தானியத் தொழில் தனியாகப் போனது; பிரிங்கிள்ஸ் உள்ளிட்டவை கெல்லனோவா என்ற பெயரில் நின்றன. தாய் நிறுவனத்தின் பழைய தொழில் ஒதுங்கிக்கொள்ள, வாங்கிவந்த சிப்ஸ் முன்னால் நின்றது. 2024 ஆகஸ்டில் சாக்லேட் நிறுவனமான மார்ஸ், கெல்லனோவாவை ஏறத்தாழ 3,590 கோடி டாலர் மதிப்பில் வாங்க ஒப்பந்தம் செய்ததாக அறிவித்தது.

இந்த வெற்றிக்குக் காரணமான டப்பாவுக்கு இன்னொரு பக்கமும் உண்டு. அட்டைச் சுவர், உள்ளே உலோகத் தகட்டுப் பூச்சு, உலோக அடிப்பாகம், கிழித்தெடுக்கும் உறை, மேலே பிளாஸ்டிக் மூடி: ஈரமும் காற்றும் நுழையாமல் காத்த இந்தக் கூட்டு அமைப்பே மறுசுழற்சிக்குப் பெரும் தடை. 2017இல் பிரிட்டனின் மறுசுழற்சிச் சங்கம், மறுசுழற்சிக்கு எதிரான பொட்டலங்களில் முதல் குற்றவாளியாகப் பிரிங்கிள்ஸ் டப்பாவைச் சுட்டிக்காட்டியது. 2020இல் அங்கே காகித டப்பாவைச் சோதித்தார்கள்; பின்னர் ஐரோப்பாவில் உலோக அடிக்குப் பதில் காகித அடிக்கு மாறத் தொடங்கினார்கள். அறுபது ஆண்டுகளுக்கு முன்பு பாவர் டப்பாவை வரைந்தபோது குப்பை யாருடைய கணக்கிலும் இல்லை. அவரைக் குறைசொல்ல மாட்டேன். இன்று அந்த டப்பாவைத் தயாரிப்பவர்களுக்கு அந்தச் சலுகை கிடையாது. ஐரோப்பாவில் செய்ய முடிந்த காகித அடியை மற்ற நாடுகளுக்கும் கொண்டுபோக வேண்டும், காலக்கெடுவோடு அதை அறிவிக்கவும் வேண்டும்.